எந்த மாதம் கப்பல் ஏறலாம்?



தை மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் எழுந்து, கொல்லிமலையின் விளிம்பில் உள்ள ஏதேனும் ஒரு பாறையின்மேல் போய் நின்று பாருங்கள். கீழே சேந்தமங்கலம் இருக்க வேண்டிய இடத்தில் ஊரும் தெரியாது, வயலும் தெரியாது. வெள்ளை வெளேரென்று மூடுபனி பரந்து கிடக்கும். அதற்குள்ளிருந்து போதமலையின் முகடு மட்டும் தூரத்தில் ஒரு திட்டுப்போல எட்டிப் பார்க்கும். நாம் நிற்பது மலை என்பதே மறந்துபோகும். கடல் நடுவே ஒரு தீவில் நிற்பதாகத் தோன்றும்.

இது வெறும் கற்பனை அன்று. இரவில் தரை தன் வெப்பத்தை வெளிவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது பள்ளத்தில் போய்த் தங்கிவிடும், தண்ணீர் குளத்தில் தங்குவதுபோல. அதில் உள்ள நீராவி சிறு துளிகளாக மாறும்போது நாம் மூடுபனியைப் பார்க்கிறோம். சுற்றிலும் ஒரு தட்பவெப்பம், உயரத்தில் வேறொரு தட்பவெப்பம் என்று அமைந்த இத்தகைய மலைகளை உயிரியலார் ‘வான்தீவுகள்’ என்றே அழைக்கிறார்கள்.

கல்லூரி மாணவர்களோடு அப்படி ஒரு காலையில் நின்றபோதுதான் ஒரு மாணவர் கேட்டார்: “சார், நிஜமான தீவுக்குக் கப்பலில் போவதென்றால் எந்த மாதம் நல்லது?”

நான் பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டேன்: “எந்தத் தீவு? அந்தத் தீவின் எந்தக் கரை?”

அவர் விழித்தார். மாதத்தைக் கேட்டால் இவர் திசையைக் கேட்கிறாரே என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

முதலில் கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். இங்கு வர நல்ல மாதம் எது? வல்வில் ஓரி விழாவைப் பார்க்க வேண்டுமானால் ஆடிப் பதினெட்டை ஒட்டி வரவேண்டும். ஆகாய கங்கை அருவி நிறைந்து கொட்டுவதைப் பார்க்க மழைக்காலத்தில் வரவேண்டும்; ஆனால் அப்போது வெள்ளம் மிகுந்து குளிக்கத் தடை போட்டாலும் போடுவார்கள். வெயிலுக்குத் தப்பி வருபவர்களுக்குச் சித்திரை, வைகாசி. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி சென்டிகிரேடு குறையும். காரவள்ளி அடிவாரத்தில் 37 டிகிரி இருக்கும் நாளில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே வந்துவிட்டால் 30, 31 டிகிரிதான் இருக்கும். கூட்டிப் பார்த்தால் மலைக்கே ஒரே ஒரு ‘நல்ல மாதம்’ இல்லை. கடலுக்கு எப்படி இருக்கும்?

காற்று திரும்பும் நாடு

மெரினாக் கடற்கரையில் மாலை நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடற்காற்று பழக்கமானது. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் உலர்ந்த மண்ணுக்கு ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆகவே பகலில் நிலம் சட்டென்று சூடாகிறது; கடல் சாவகாசமாகச் சூடாகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று சூடேறி, லேசாகி மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது.

இந்த ஒரு நாள் நாடகத்தை ஓராண்டுக்கு நீட்டுங்கள். மெரினாவுக்குப் பதிலாக ஆசியக் கண்டம் முழுவதையும், வங்கக் கடலுக்குப் பதிலாக இந்துமாக் கடல் முழுவதையும் வையுங்கள். அதுவே பருவக்காற்று. கோடையில் வட இந்தியாவும் திபெத்தும் காய்கின்றன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து கிளம்பும் காற்று கோட்டைத் தாண்டி வடக்கே வருகிறது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் ஓடும் காற்று தன் வலப்பக்கமாகத் திரும்பும். ஆகவே நம்மிடம் அது தென்மேற்கிலிருந்து வந்து சேருகிறது. கேரளத்தை அது தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. செப்டம்பர் முடியும் வரை அதன் ஆட்சிதான். பிறகு ஆசியா குளிர்கிறது, காற்று திரும்புகிறது. அக்டோபர் 20ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்குவது வழக்கம்.

அறிவியல் இந்தக் காரணங்களைக் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே தமிழர்கள் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். கடலோர மக்கள் சோளகம், கச்சான் என்றும் சொல்வார்கள். ஒரு காற்றுக்குப் பெயர் தேவைப்படுகிறது என்றால், அது வரும்போது செய்யும் வேலையும் போகும்போது நிறுத்தும் வேலையும் வேறு வேறாக இருக்கின்றன என்று பொருள். ‘மான்சூன்’ என்ற சொல்லே அரபு மொழியில் பருவத்தைக் குறிக்கும் ‘மௌசிம்’ என்பதிலிருந்து வந்ததுதான். அரபு மாலுமிகளுக்குக் காற்றும் பருவமும் ஒன்றாகவே இருந்தன.

நனையும் பக்கம், நனையாத பக்கம்

ஆடி மாதத்தில் கொல்லிமலையில் காற்று பலமாக வீசும். அம்மியைப் பறக்கவைக்கும் என்று நாம் சொல்லும் அதே காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு திறப்பு இருக்கிறது. அதன் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று கொங்கு நாட்டைக் கடந்து கிழக்கே ஓடுகிறது. ஆனால் அதன் மழையில் பெரும்பகுதி கேரளத்திலேயே பெய்து தீர்ந்துவிட்டது.

ஏன் அங்கேயே பெய்கிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடாகும். விரியவிட்டால் குளிரும். மலைமேல் ஏறும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போவதால் விரிகிறது, குளிர்கிறது, நீராவி மேகமாகிறது, மழை கொட்டுகிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகிறது, உலர்கிறது. காற்றை எதிர்கொள்ளும் பக்கம் நனையும். முதுகு காட்டும் பக்கம் காயும்.

காற்று திரும்பியதும் முகமும் முதுகும் இடம் மாறிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். கப்பல் கதை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

மலைக்கு மழை எப்படியோ, கடலுக்கு அலை அப்படி. கொல்லிமலையில் வாசலூர்பட்டியில் ஒரு சிறு ஏரி இருக்கிறது, படகு விடுகிறார்கள். ஆடிக் காற்று எவ்வளவு அடித்தாலும் அதில் சிற்றலைகளுக்குமேல் எழுவதில்லை. அதே வேகமுள்ள காற்று அரபிக் கடலில் மூன்று, நான்கு மீட்டர் உயர அலைகளை எழுப்புகிறது. என்ன வேறுபாடு? காற்று தடையில்லாமல் நீர்ப்பரப்பைத் தழுவி ஓடும் தூரம்தான். ஏரியில் சில நூறு மீட்டருக்குள் கரை வந்துவிடும். அரபிக் கடலில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நம் கரை வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காற்றைத் தடுக்க ஏதும் இல்லை. காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது ஓடும் தூரம் இம்மூன்றும் சேர்ந்தே அலையின் உயரத்தை முடிவு செய்கின்றன.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் அலை நான்கு மீட்டர் அலையானால், ஆற்றல் நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு ஆகிறது. ஜனவரியில் தாலாட்டும் கடல் ஜூலையில் தூக்கி எறிவதற்குக் காரணம் இந்த வர்க்கம்தான்.

நாகப்பட்டினத்துக் கப்பல்

இப்போது நம் வீட்டு வாசலிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்குள் ஒரு தீவு! பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. அக்டோபர் 20ஆம் நாளோடு பருவநிலை காரணமாகச் சேவை நிறுத்தப்பட்டது.

வரைபடத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறக்குறைய நேர் தெற்காகப் போகிறது. அதன் இடப்பக்கம் வங்கக் கடல் திறந்து கிடக்கிறது. வடகிழக்குக் காற்றுக்கு அங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாத ஓட்டம். அந்த அலைகள் கப்பலின் விலாவில் வந்து மோதும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது என்ன ஆகிறது? தமிழ்நாட்டு நிலப்பரப்பு குறுக்கே நிற்கிறது. பாக்கு நீரிணையின் சிறு நீர்ப்பரப்பு மட்டுமே காற்றுக்குக் கிடைக்கிறது. காற்று பலமாக இருந்தாலும் பெரிய அலை வளர இடமில்லை.

சேவை மறுபடி தொடங்கிய நாளையும் சொல்லிவிடுகிறேன்: 2024 ஆகஸ்டு 16. இம்முறை கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. நவம்பரில் வானிலை கருதி மறுபடி நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரி 22ஆம் நாள் மீண்டும் புறப்பட்டது. இந்த நாள்களை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தால் வடகிழக்குப் பருவக்காற்றின் வருகைப் பதிவேடுபோலவே இருக்கிறது அல்லவா? திறப்பு விழாவுக்கு அக்டோபர் நடுவைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அக்டோபர் நடுவில் சோழமண்டலக் கரையில் சிக்கிக்கொண்டவர்கள் முன்பும் இருந்தார்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே மொரீசியஸ் பக்கமிருந்து கப்பல்களோடு வந்து, ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் கிளம்பிவிட வேண்டும் என்பது அக்கால மாலுமிகள் எல்லோருக்கும் தெரியும். லா பூர்தொனேக்கும் தெரியும். ஆனால் நகரத்தை ஆங்கிலேயருக்கே ஒரு தொகைக்குத் திருப்பிக் கொடுப்பதா, வேண்டாமா என்று அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கும் தகராறு. கடிதங்கள் போயின, வந்தன. நாள் ஓடியது. அக்டோபர் நடுவில் ஓர் இரவு புயல் அடித்தது. கப்பல்கள் சில மூழ்கின, சில பாய்மரம் இழந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எதிரியால் செய்ய முடியாததைப் பருவம் செய்துவிட்டது.

ஒரே தீவு, இரண்டு விடை

இலங்கையைவிட நல்ல பாடம் இல்லை. தீவின் நடுவே மலைகள். பிதுருதலாகல சிகரம் 2,524 மீட்டர். தென்மேற்குக் காற்றில் கொழும்பும் காலியும் நனையும், கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் மலைக்கு மறுபுறத்தில் திருகோணமலைக் கடல் கண்ணாடிபோல் கிடக்கும். மார்கழியில் நேர்மாறு: திருகோணமலையில் மழையும் அலையும், கொழும்பில் வெயில். ‘இலங்கைக்கு எந்த மாதம் நல்லது?’ என்று கேட்பவருக்கு ஒரே விடை சொல்பவர் பாதி மட்டும் உண்மை சொல்கிறார்.

உல்லாசக் கப்பல் நடத்துபவர்களுக்கு இது தெரியும். ‘எம்பிரஸ்’ என்ற கப்பல் 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அது தொட்ட துறைகள் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மேற்குக் கரையில் கொழும்பு பட்டியலில் இல்லை. மும்பையிலிருந்து ஓடும் கப்பல் தென்மேற்குப் பருவத்தில் கிழக்குக் கரைக்கு மாறிக்கொள்வது, வெயில் ஏற ஏறத் திண்ணையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் நகர்ந்து உட்காரும் தாத்தாவின் அறிவுதான்.

இலட்சத்தீவுக்கு வருவோம். கொச்சியிலிருந்து கவரத்தி சுமார் 400 கிலோமீட்டர். சுற்றுலாக் கப்பல் பயணங்கள் அக்டோபரிலிருந்து மே நடுவரைதான். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் மறைத்துக்கொள்கிறது. ஆகவே நமக்கு அடைமழை பெய்யும் கார்த்திகையில் அவர்களுக்குப் பெரும்பாலும் அமைதியான கடல். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இயந்திரப் பாய்மரப் படகுகள் கடலில் இறங்கக் கூடாது என்பது விதி.

இத்தீவுகளின் அமைப்பே இந்தக் காற்றைப் பற்றிப் பேசுகிறது. பெரும்பாலானவற்றில் மண்மேடு கிழக்குப் பக்கம் இருக்கும். மேற்குப் பக்கம் பவளப் பாறைகள் வளைத்துக்கொண்ட ஆழமற்ற காயல் இருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் பேரலைகள் பவளப் பாறையில் மோதி உடைந்துவிடுகின்றன. தரை சில மீட்டர் உயரமே உள்ள இத்தீவுகளுக்கு அதுவே அரண். பெரிய கப்பல் காயலுக்குள் நுழைய முடியாது. வெளியே நின்று படகில் ஆட்களை இறக்கவேண்டும். பருவமழைக் காலத்தில் மேற்கே படகை இறக்கினால் கவிழ்ந்துவிடும் என்பதால் தீவுகளின் கிழக்குக் கரையில் இறங்குதுறைகள் கட்டியிருக்கிறார்கள். கொல்லிமலையில் ஆடிக் காற்றுக்குப் பயந்து நாம் பாறையின் மறுபக்கம் போய் ஒதுங்குகிறோமே, அதேதான்.

நமக்கு இது விடுமுறைப் பிரச்சினை. தீவு மக்களுக்கு அப்படியல்ல. அரிசியும் மற்ற பண்டங்களும் கரையிலிருந்தே போகவேண்டும். பருவமழை தொடங்குமுன் கிடங்குகளில் இருப்பு சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் காலண்டரில் மே மாதத்துக்கு இருக்கும் மதிப்பு நம் காலண்டரில் இல்லை.

அந்தமான் வேறு கதை. சென்னையிலிருந்து 1,200 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய 60 மணி நேரம். கப்பலின் சராசரி வேகத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நம் நகரப் பேருந்தைவிட அதிகமில்லை. இந்தத் தீவுகளுக்கு இரண்டு காற்றிலும் ஒதுங்க இடமில்லை. தென்மேற்குக் காற்று மே மாதத்திலேயே, கேரளத்துக்கு முன்பாகவே, அங்கே போய்விடும். வடகிழக்குக் காற்றும் ஈரத்தோடு வரும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஆண்டு மழை ஏறக்குறைய 300 சென்டிமீட்டர், சென்னையைப்போல் இரண்டு மடங்கு. காயும் மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. என்னைக் கேட்டால் பிப்ரவரி அல்லது மார்ச் என்பேன். காரணம் மழை மட்டுமன்று.

கூண்டு ஏறும் காலம்

மழையில் நனையலாம், அலையில் வாந்தி எடுக்கலாம். புயலில் உயிர் போகும். புயல் பிறக்கக் கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரிக்குமேல் சூடாக இருக்கவேண்டும். அதுமட்டும் போதாது, மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். ஜூலையில் கடல் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே மேற்குக் காற்று, பன்னிரண்டு பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் பலத்த கிழக்குக் காற்று. அடுக்கி வைத்த தட்டுகளைக் கீழே ஒரு பக்கமும் மேலே மறுபக்கமும் இழுத்தால் எப்படிச் சரியுமோ, அப்படியே உருவாகும் சுழலும் கலைந்துவிடும். இந்தச் சண்டை ஓயும் இரண்டு இடைவேளைகள் ஏப்ரல் கடைசி, மே ஒன்று; அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. வங்கக் கடலில் நவம்பர் மிக மோசம். பிப்ரவரி, மார்ச்சில் புயல் மிக அரிது.

1914இலிருந்து நம்மவர்கள் இரயிலில் தனுஷ்கோடிக்குப் போய், அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போனார்கள். தூரம் 35 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் இரயிலைக் கடல் இழுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரே அழிந்தது. கப்பலில் அல்ல, கரையிலேயே.

மாதக் கணக்கு வாய்ப்புகளை மட்டுமே சொல்கிறது, நண்பர்களே, உறுதி தருவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் இலங்கைக்குத் தெற்கே தோன்றிய தாழ்வு, கன்னியாகுமரிக்கு அருகே மிகக் குறுகிய நேரத்தில் ‘ஒக்கி’ப் புயலாக வலுத்தது. ஆழ்கடலுக்கு முன்பே போய்விட்ட குமரி, கேரள மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. ஏராளமானோர் திரும்பவே இல்லை. பிறகு அதே புயல் இலட்சத்தீவின் மினிக்காய், கல்பேனித் தீவுகளைத் தாக்கியது. ‘நல்ல பருவம்’ என்று மேலே சொன்னேனே, அதன் நடுவில்! அரபிக் கடல் சூடேறி வருவதால் அங்கே புயல்கள் முன்னைவிடப் பெருகியிருப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே மாதத்தைக் காலண்டர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நாளை வானிலை அறிக்கை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. எங்கோ தொலைவில் புயல் உருவாகக்கூடிய நிலை என்றால் 1. பதினோராம் எண்ணுக்கு வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அதைப் பார்க்கும் இடத்தில் நாம் இருக்கக்கூடாது.

வெளி உலகிலும் இதே கணக்குத்தான். கரீபியன் தீவுகளுக்குப் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. தென்கோளத்தில் உள்ள பிஜிக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அங்கே கோடை அப்போதுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. காற்றைத் திருப்பிச் சுழலவைக்கும் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே மிகக் குறைவு. ஆகவே கோட்டிலிருந்து ஐந்து டிகிரிக்குள் புயல் பிறப்பது அபூர்வம்.

வாந்தியைப் பற்றிச் சொன்னேன். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரும் பேருந்தில் இருபதாவது வளைவுக்குமேல் என்ன நடக்கும் என்பது கொல்லிமலை வந்தவர்களுக்குத் தெரியும். உள்காதில் உள்ள திரவம் ‘ஆடுகிறோம்’ என்கிறது. முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை குழம்புகிறது. வயிறு தண்டனை அனுபவிக்கிறது. கப்பலில் ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆடும் ஆட்டமே மிக மோசமானது என்று கண்டிருக்கிறார்கள். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து தூரத்து மலையைப் பாருங்கள். கப்பலில் அடிவானத்தைப் பாருங்கள். ஏற்றப்பலகை விளையாட்டில் நடுவில் உட்காருபவர் அதிகம் ஏறி இறங்குவதில்லை. ஆகவே கப்பலிலும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள்.

நம் மாணவருக்குக் கடைசியில் என்ன சொன்னேன்? அந்தமானுக்கு மாசியில் போ. இலட்சத்தீவுக்குத் தையில் போ. காங்கேசன்துறைக்கு மாசி, பங்குனியிலோ ஆவணியிலோ போ; ஐப்பசியில் வேண்டாம். ஆடி விடுமுறைதான் கிடைக்கிறது என்றால் திருகோணமலைக்குப் போ. அவர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்ளாமலே நீங்கள் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

வீட்டு மொட்டைமாடியில் ஒரு மூங்கில் கழியை நட்டு, நுனியில் முழநீளத் துணிப்பட்டை ஒன்றைக் கட்டுங்கள். எட்டுத் திசைகளையும் சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, வானம் எப்படி, மழை உண்டா என்று நோட்டில் எழுதுங்கள். துணி முதலில் மேற்கும் தெற்குமாக ஆடும். பிறகு சில நாள் எந்தப் பக்கமும் சேராமல் தொங்கும். பிறகு ஒரு நாள் வடகிழக்குக் காற்றில் நிமிரும். அந்த நாளுக்கு ஒரு சிவப்பு வட்டம் போடுங்கள். மலையில் ஒரு நண்பரும் கடலோரத்தில் ஒரு நண்பரும் இருந்தால் மூவரும் நோட்டுகளை ஒப்பிடலாம். கடலோரத்தில் இருப்பவர் மட்டும் காலை ஏழு மணிக்கே பார்க்கட்டும். பிற்பகலில் பார்த்தால் கடற்காற்று அவரை ஏமாற்றிவிடும்.